குழாய் பார்க்கிற வீடு

அங்கே நின்று போட்டோ எடுக்க வேண்டாம் அண்ணா. இப்படி, இந்தப் பக்கம் வாங்க. இங்கிருந்து எடுத்தால் டேங்க் முழுசாக விழும், பின்னால் மலையும் விழும். அங்கிருந்து எடுத்தால் பீரங்கிக் குழாய்க்கு நேராக அந்த வீடும் விழுந்துவிடும். ஆமாம், நீல வீடுதான். போன வாரம் ஒருத்தர் அப்படித்தான் எடுத்து எதிலேயோ போட்டுவிட்டார். கீழே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை.

நானா? பெயின்டர் இல்லை. மழையில் கழுத்துப் பக்கம் துரு இறங்குகிறது, அதற்குத்தான் பூசுகிறேன். இதைக் கட்டினதே நான்தான். நானும் அப்பாவும். கஜேந்திரன் வெல்டிங் பட்டறை, வருகிற வழியில் போர்டு பார்த்திருப்பீங்க. என் பெயர் யுவராணி. சிரிக்காதீங்க. யுவராணி என்று பெயர் இருந்தால் வெல்டிங் வைக்கக் கூடாதா? பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். கணக்கு வரவில்லை, அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்காரவும் முடியவில்லை. எனக்கு எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும். மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவேன். ஊரில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. ஆனால் பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை.

குழாய் ஏன் வீட்டைப் பார்க்கிறது என்றுதானே கேட்டீங்க? பஸ்ஸுக்காக. நேராக வைத்தால் பஸ் திரும்பும்போது இடிக்கும். அது பொய் இல்லை. நிஜமாகவே இடிக்கும்.

நீங்கள் வெளியூர்தானே? சரி, இந்தக் கோட்டு காய்கிற வரைக்கும் எனக்கும் வேலை இல்லை. அந்தப் படியில் உட்காருங்க. ஈரம் இல்லை, உட்காருங்க.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரி. சில வீட்டில் அப்பா, பிள்ளை, மருமகன் எல்லாருமே. வாசல் சுவரில் பாருங்க, ஹவில்தார் இன்னார், நாயக் இன்னார் என்று எழுதியிருக்கும். சர்வீஸ் முடிந்து வருகிறவரை இந்த முனையிலிருந்து மேளம் வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போவோம். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து ஆள் வந்து, அன்றைக்கே அவர் பெயருக்குப் பக்கத்தில் 'ரிட்டயர்டு' என்று சேர்த்து எழுதிவிடுவார். சங்கத்துக்குத் தலைவர் சுபேதார் வரதராஜுலு. ஊர் முனையில் நிறுத்த ஒரு பழைய டேங்க் கொடுங்கள் என்று அவர் எங்கெங்கேயோ கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. ரோஷம் வந்துவிட்டது. எங்கள் பட்டறைக்கு வந்து, "நாமளே கட்டுவோம் கஜேந்திரா" என்றார். அப்பாவுக்கு யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கொடுத்தால் போதும், முடியாது என்று சொல்ல வராது.

உண்மையானதில் சரிபாதி. எல்-ஆங்கிளில் எலும்புக்கூடு, மேலே தகடு. அது அப்பா வேலை. அதை டேங்க் என்று நம்ப வைக்கிற வேலை எல்லாம் என்னுடையது. இந்தத் தலை இருக்கிறதே, இது வெல்லம் காய்ச்சுகிற பழைய கொப்பரை. கவிழ்த்துப் போட்டு, ஓரத்தை வெட்டி, மேலே பட்டி பூசி, அது இறுகுவதற்குள் துடைப்பத்தால் குத்திக் குத்தி எடுத்தேன். வார்ப்பு இரும்பு மாதிரியே சொரசொரப்பு வந்துவிட்டது. தொட்டுப் பாருங்க, அந்தப் பக்கம் காய்ந்திருக்கும். சக்கரம் பழைய மொபெட் ரிம், அதன்மேல் அண்டா மூடி. போல்ட் மாதிரி தெரிகிறதெல்லாம் நட்டை அறுத்து ஒட்டினது. சங்கிலிப் பட்டையில் ஒவ்வொரு துண்டும் நான் வெட்டினது. கனவில்கூடப் பட்டைதான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

சாயந்திரமானால் சங்கத்துத் தாத்தாக்கள் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தர், "லைட்டு வலது பக்கம்மா" என்பார். இன்னொருத்தர், "யோவ், நீ ரேஷன் ஸ்டோர்ல மூட்டை எண்ணினவன். உனக்கு இன்னா தெரியும்?" என்பார். "நீ மட்டும் இன்னா, பேண்டுல ட்ரம்மு அடிச்சவன்தானே?" இப்படியே போகும். நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உங்கள்ல யாராவது டேங்க் உள்ளே ஏறியிருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டுவிட்டேன். ஒருத்தரும் இல்லை. சுபேதார் கொஞ்ச நாள் பட்டறைப் பக்கமே வரவில்லை.

டேங்க் படையில் இருந்தவர் ஊரிலேயே ஒருத்தர்தான். இந்த நீல வீட்டு குணசீலன் அண்ணன். இருந்தவர் என்றால், சேர்ந்து கொஞ்ச காலம். லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. வந்து பிடித்துக்கொண்டு போனார்கள், உள்ளே வைத்தார்கள், அப்புறம் இவன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வந்து இறங்கின அன்றைக்கு மேளம் கிடையாது. சங்கத்து ஆள் வந்து, சுவரில் எழுதியிருந்த அவர் பெயர்மேல் வெள்ளை அடித்துவிட்டுப் போனார். அந்த வெள்ளைத் திட்டு தனியாகத் தெரியக் கூடாது என்று நவநீதம் அத்தை, அதான் அவர் அம்மா, வீடு முழுக்கவே நீலம் அடித்துவிட்டார்கள். சொந்த அத்தை இல்லை. பால் வாங்குகிற வீடு, சின்ன வயசிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

எங்கள் பட்டறைப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் மாட்டுக்கொட்டகை. ஒரு நாள் சக்கரம் எல்லாவற்றையும் வரிசையாக வெல்டு வைத்து முடித்து நிமிர்கிறேன், சுவருக்கு மேல் ஒரு தலை.

"அது தப்பு" என்றார்.

"எது?"

"மொதல் சக்கரத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி இருக்கும். மத்தது எல்லாம் நெருக்கமா வரும். நீ எல்லாத்தையும் ஒரே மாதிரி வச்சிருக்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ட்ரெயினிங் சென்டர் வாசல்ல இதே பழைய மாடல் ஒண்ணு நிக்கும். எவனாவது தப்பு பண்ணா அதைத் தொடைக்க வுடுவாங்க." கொஞ்சம் சிரித்தார். "நான் நெறைய தொடச்சிருக்கேன்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. எவ்வளவு நாள் வேலை அது. ஆனால் அவர் சொன்ன மாதிரி முதல் சக்கரத்தை அறுத்து நகர்த்திப் பார்த்தபோதுதான் அது வரைக்கும் ட்ராக்டர் மாதிரி இருந்தது டேங்க் மாதிரி ஆனது. அதனால் மற்றதையும் அறுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அந்தக் கோபம் அன்றைக்கே போய்விட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கும் அந்தக் கோபத்துக்கும் சம்பந்தம் இல்லை.

தாத்தாக்கள் எழுந்து போனதும் அவர் சுவரேறி வர ஆரம்பித்தார். மேலே மூடி, கீல், பின்னால் கட்டியிருக்கிற இழுவைக் கயிறு, அந்த மண்வெட்டி மாட்டுகிற கொக்கி, எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் செய்தது. வாயைத் திறந்தால் டேங்கைத் தவிர வேறு பேச மாட்டார். ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஏண்ணா ஓடி வந்தீங்க?"

"நீ ஏன் ஸ்கூல வுட்டு வந்த?"

"கணக்கு வரல."

"எனக்கும் அப்படித்தான்" என்றார். அப்புறம் கொக்கியை ராவிக்கொண்டே இருந்தார்.

குழாய் நீளம்கூட அவர் சொன்ன அளவுக்குத்தான் வைத்திருந்தேன். சுபேதார் வந்து பார்த்துவிட்டு, "இன்னா கஜேந்திரா, கொடிக்கம்பத்துல பாதிகூட இல்ல. இதைப் பாத்தா எவன் பயப்படுவான்? நீட்டு" என்றார். போர்வெல் பைப் இன்னொரு துண்டு சேர்த்து நீட்டினோம். குணா அண்ணன் பார்த்துவிட்டு, "இது இடிக்கும்" என்றார். எதில் இடிக்கும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு முடிந்தால் போதும் என்றிருந்தது.

தூக்கி வைக்கிற அன்றைக்கு ஊரே இங்கேதான். கிரேன் வைத்து உடம்பை மேடையில் இறக்கினோம். தலையைத் தூக்கி வளையத்தின்மேல் உட்கார வைத்தோம். குழாய் அப்படியே ரோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் குடியாத்தம் பஸ் வந்தது. டிரைவர் பிரேக் போட்டுத் தலையை வெளியே விட்டு, "இன்னாம்மா, என்னைத்தான் சுடப் போறியா?" என்றார்.

தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம்? இடது பக்கம் திரௌபதி அம்மன் கோயில். அப்பா அந்தப் பக்கம் கை காட்டினதுமே பூசாரி ஓடி வந்துவிட்டார். வலது பக்கம் சங்கக் கட்டடம். "நம்ம கொடிக்கு நாமளே குறி வைக்கிறதா?" என்று தாத்தாக்கள் எழுந்துவிட்டார்கள். குழாயை மேலே தூக்கலாமே என்பீங்க. அப்பா உள்ளே சப்போர்ட் கொடுத்து அதை முன்னாலேயே இறுக்கிவிட்டார், தூக்க முடியாது. பின்பக்கம் திருப்பிவிடலாம், வண்டியில் ஏற்றிப் போகும்போது நிஜ டேங்கும் அப்படித்தான் இருக்கும் என்று குணா அண்ணன் ஒரு தடவை சொல்லியிருந்தார். நான் அதைச் சொன்னேன், அவர் பெயரைச் சொல்லாமல். சுபேதார் முகம் சிவந்துவிட்டது. "பின்னாடி பாக்குற டேங்க் ஓடற டேங்க். இந்த ஊர்ல எவனும் ஓடினது கிடையாது." யாரோ இருமினார்கள்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிரேன்காரர் வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று கத்துகிறார். கூட்டம் முழுக்க ஆளுக்கொரு திசை சொல்கிறது. வெல்டிங் ஹோல்டர் என் கையில். கோயிலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் சாய்வாக ஒரு திசை காலியாக இருந்தது. காலியாக இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. நான்தான் கையை நீட்டினேன். "அந்தப் பக்கம் வச்சா யாருக்கும் தொந்தரவில்ல" என்றேன்.

யாருக்கும்.

சுபேதார் நான் காட்டின பக்கம் பார்த்தார். சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். மீசை கொஞ்சம் அசைந்தது. "சரியாச் சொன்ன. வை" என்றார்.

வைத்தேன். முதல் புள்ளி வைத்துக் கண்ணாடியைத் தூக்கினபோதுதான் கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சும்மா இருப்பது தெரிந்தது. டீக்கடை கோதண்டம், "குறி தப்பாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சிரித்தேன். இல்லை, தெரியும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. அப்பவே ஒரு தட்டு தட்டியிருந்தால் அந்தப் புள்ளி விட்டிருக்கும். ஒரு புள்ளிதானே. நான் கண்ணாடியைத் திரும்ப இறக்கிக்கொண்டு சுற்றிலும் முழுசாக வைத்து முடித்தேன்.

யோசித்துப் பார்த்தால், அவர்கள் வீட்டைத் தாண்டி நேராகப் போனால் எங்கள் பட்டறையும் அதே திசையில்தான் இருக்கிறது. எங்களையும்தானே பார்க்கிறது என்று எனக்கு நானே நிறைய தடவை சொல்லிப் பார்த்தேன். நடுவில் ஒரு வீடு இருக்கிறதே அண்ணா.

திறப்பு விழாவுக்கு ஒரு ரிட்டயர்டு கர்னல் வந்தார். நேராகச் சக்கரத்துக்கிட்டே போய்க் குனிந்தார். "இந்த இடைவெளியைச் சரியா வச்சிருக்கீங்களே. யார் சொன்னது?" என்று கேட்டார். சுபேதார் மாலையைச் சரி செய்துகொண்டார். கர்னல் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். குணா அண்ணன் வீட்டுக் கதவு மூடியிருந்தது. "போட்டோ பாத்து செஞ்சேன் சார்" என்றேன். ஒரு சால்வை போட்டார். வீட்டில் இருக்கிறது. நான் போட்டுக்கொள்வதில்லை, அது சூடு.

அதற்கப்புறம் சுவருக்கு மேல் தலை வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்து "ஃபயர்" என்று கத்தும். எந்தப் பக்கம் பார்த்துக் கத்தும் சொல்லுங்க. குழாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தானே. கண்டக்டர்கூட, "ஓடி வந்தவர் வீட்டாண்ட இறங்குறவங்க" என்று ஒரு நாள் சொன்னார், பஸ்ஸே சிரித்தது. அத்தை முன்வாசலில் கொடி கட்டி, எந்நேரமும் போர்வையும் சேலையுமாகக் காயப் போட்டு வைத்தார்கள். பால் வாங்குகிறவர்கள் பின்வழியாகப் போனார்கள். நான் போகவில்லை. மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவள்தான், ஆனால் பாலுக்குத் தம்பியை அனுப்பினேன். அவன்தான் ஒரு நாள் வந்து சொன்னான், குணா அண்ணன் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார் என்று.

சுபேதாரிடம் போனேன். "தப்பா வச்சுட்டேன் தாத்தா, திருப்பிடறேன்" என்றேன்.

"எது தப்பு? பஸ்ஸுக்காக வச்சது. நீதானே யாருக்கும் தொந்தரவில்லன்னு சொன்ன?" என்றார். நல்ல மனுஷர்தான். எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

போன மாசம் கேன்டீன் நாள். அன்றைக்கு வேலூர் மிலிட்டரி கேன்டீனுக்கு வேன் பிடித்து எல்லாரும் போய்விடுவார்கள். சோப்பு, எண்ணெய், பாட்டில், எல்லாம் வாங்கிக்கொண்டு பொழுது சாய்ந்துதான் வருவார்கள். அப்பாவும் ஒரு கேட் மாட்டுகிற வேலைக்கு வெளியூர் போயிருந்தார். மெஷினையும் கிரைண்டரையும் டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்து, சங்கத்து பிளக்கில் சொருகினேன். பெயின்ட் வேலைக்காகச் சாவி என்னிடம் இருந்தது. பின்பக்கம் திருப்பி வைத்துவிடலாம், கேட்டால் அந்தக் கர்னலையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சண்டை போடலாம், அதுதான் என் யோசனை. சுற்றிலும் வெல்டை அறுத்தேன். பழைய கசடு எதுவும் தெரியாமல் வளையத்தைச் சுத்தமாகத் தேய்த்தும் விட்டேன். குழாய் நுனியில் கயிறு கட்டிக் கீழே நின்று இழுத்தேன். இவ்வளவு நீளம் இருக்கிறதே, லேசாக இழுத்தால் தலையே திரும்பும். திரும்பினது. ரோட்டைத் தாண்டிச் சங்கத்துப் பக்கம் போய்விட்டது.

அந்த வீட்டு முன்கதவு திறந்தது. அத்தை போர்வையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"இன்னாடி பண்ற?"

"திருப்பறேன் அத்தை."

"எதுக்கு?"

"உங்க வூட்டைப் பாக்குதுல்ல" என்றேன்.

"பஸ்ஸு இடிக்கும்னுதானே அப்படி வச்சது?"

"ஆமா. ஆனா…"

"ஆமான்னா இருக்கட்டும். பழையபடி வை."

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள், யாராவது வருகிறார்களா என்று. சின்னக் குரலில் வேகமாகச் சொன்னார்கள். "குணா போனுல கேட்டான். 'என்னைப் பாத்துதான் வச்சாங்களாம்மா'ன்னு கேட்டான். பஸ்ஸுக்குடா, வேற வழி இல்லையாம், அதான் வச்சாங்கன்னு சொல்லியிருக்கேன். அவனும் சரின்னான். தீவாளிக்கு வரேன்னிருக்கான். இப்ப நீ திருப்பினா ஊரு இன்னா பேசும்? பாவம் பாத்துத் திருப்பிட்டாங்கன்னு பேசும். அப்போ இத்தினி நாளும் அவனைப் பாத்துதான் நின்னுச்சுன்னு ஆயிடும். அப்புறம் எப்படிடி அவன் இந்த முனையில வந்து இறங்குவான்?"

நான் வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்க. கயிற்றை மாற்றிக் கட்டித் திரும்ப இழுத்தேன். அப்பத்தான் தெரிந்தது, நான் குறி போட்டு வைக்கவில்லை. எதையாவது கழற்றினால் முதலில் சாக்பீஸால் ஒரு கோடு போடு என்று அப்பா தலைபாடாக அடித்துக்கொள்வார். திரும்ப அதே இடத்தில் வைக்கப் போகிறோம் என்று நான் எங்கே நினைத்தேன்? வளையத்தில் ஒரு தழும்புகூட இல்லாமல் தேய்த்தாயிற்று. குத்துமதிப்பாக ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்கதான் அத்தை இருந்துச்சு" என்றேன்.

"இல்ல" என்றார்கள். "கோயில் பக்கம் போயிடுச்சு. கொஞ்சம் மாறினாலும் அந்தக் கோதண்டம் கண்டுபிடிச்சுருவான்."

அப்புறம் போய்த் தன் வாசற்படியில் ஏறி, கதவுக்கு நேர் நடுவில் நின்றார்கள். அங்கே நின்று குழாயைப் பார்த்தார்கள்.

"இப்படி இழு. இன்னும். ஓட்டை பாதிதான் தெரியுது, இன்னும் கொஞ்சம்."

இழுத்தேன்.

"ஜாஸ்தியாப் போச்சு. ஒரு விரக்கடை திருப்பு. மெதுவா."

திருப்பினேன்.

"ஆங். இப்ப முழு வட்டமாத் தெரியுது. தினம் இப்படித்தான் தெரியும். வை."

மேலே ஏறிக் கண்ணாடியை இறக்கினேன். "வெல்டு வெளிச்சம் கண்ணுக்கு ஆவாது அத்தை, அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்று கத்தினேன். திரும்பவில்லை. நான் வைக்கும்போது நகர்ந்துவிட்டால் சொல்ல வேண்டுமே என்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, குழாயையே பார்த்தபடி அந்தப் படியில் நின்றார்கள். நான் வைத்தேன்.